கத்தி வைக்கக் கூடாதா? உதட்டுப் பிளவும் நம் வீட்டு ஃபத்வாக்களும்



திருவொற்றியூரில், காலடிப்பேட்டைக்கும் எர்ணாவூருக்கும் இடைப்பட்ட நம் தெருக்களில் உதடு பிளந்த நிலையில் ஒரு குழந்தை பிறந்துவிட்டால், அதன் காதில் பாங்கு ஒலிப்பதற்கு முன்பே மூன்று தீர்ப்புகள் ஒலித்துவிடுகின்றன. முதல் தீர்ப்பு தாய்க்கு: "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியா? காய் அரிஞ்சியா?" இரண்டாவது, மருத்துவமனைக்குப் புறப்படும் தந்தைக்கு: "அல்லாஹ் படைச்சத மாத்தலாமா? கத்தி வெக்கக் கூடாதுப்பா." மூன்றாவது வீட்டில் உள்ள எல்லோருக்கும் பொதுவானது: "பெரிசாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

இத்தீர்ப்புகளை வழங்குவோர் ஃபிக்ஹு பயின்றவர்கள் அல்லர். மருத்துவமும் பயின்றவர்கள் அல்லர். பெரும்பாலும் அன்பினாலேயே பேசுகின்றனர். எனினும் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிப் பேசுகின்றனர். அந்தப் பெயருக்கு அஞ்சித்தான் இளந்தாயும் தந்தையும் மறுபேச்சின்றி வீட்டில் இருந்துவிடுகின்றனர். ஆகவே மார்க்கத்தைக் கற்பிக்கும் பணியில் உள்ள நாம் இதில் வாய் திறக்காமல் இருப்பது முறையன்று. உதட்டுப் பிளவையோ அண்ணப் பிளவையோ உரிய மாதத்தில் அறுவைச் சிகிச்சையால் சீர்செய்வது இஸ்லாத்தில் ஆகுமான செயல். அதைச் செய்ய வசதியும் வழியும் இருக்கும்போது மார்க்கத்தைக் காரணம் காட்டித் தள்ளிப்போடுவது அக்குழந்தைக்கு இழைக்கும் அநீதி என்பதே நம் நிலைப்பாடு.

கிரகணத்திலிருந்து தொடங்குவோம்.

2025 செப்டம்பர் 7 அன்று இரவு முழுச் சந்திர கிரகணம் நிகழ்ந்தபோது நம் பகுதியில் எத்தனை வீடுகளில் கர்ப்பிணிகள் அறைக்குள் அடைக்கப்பட்டனர் என்பதை அவரவர் வீட்டார் அறிவர். அரிவாள்மனை பரணில் ஏறியது, கத்தரிக்கோல் ஒளித்துவைக்கப்பட்டது, சில இடங்களில் தண்ணீர் குடிக்கவும் அனுமதி இல்லை. அந்த நேரத்தில் எதையேனும் வெட்டினால் வயிற்றில் உள்ள பிள்ளையின் உதடு அறுபடும் என்ற நம்பிக்கைதான் காரணம். இது எங்கிருந்து நம் வீடுகளுக்குள் வந்தது என்று ஆராய்வது இங்கே நம் வேலையன்று. நபி (ஸல்) அவர்களிடமிருந்து வரவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வோம்.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில், நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் பால்குடிப் பருவத்திலேயே மதீனாவில் இறந்துபோனார். அதே நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. இப்ராஹீம் இறந்ததால்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசத் தொடங்கினர். மகனை அடக்கம் செய்த துயரத்தில் இருந்த தந்தை அவர்; அந்தப் பேச்சு அவருக்குப் பெருமை சேர்க்கும் பேச்சு; கேட்டும் கேளாததுபோல் இருந்திருக்கலாம். ஆயினும் அவர்கள் அதை உடனே மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் சான்றுகளில் இரண்டு என்றும், எவருடைய இறப்புக்காகவும் எவருடைய வாழ்வுக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்றும் தெளிவுபடுத்தினார்கள். தம் சொந்த மகனுக்கே கிரகணத்தோடு முடிச்சுப் போட மறுத்த நபியின் உம்மத்து, அடுத்த வீட்டு மருமகளின் குழந்தைக்கு முடிச்சுப் போடுகிறது!

இன்னொன்றும் உண்டு. கிரகணத் தொழுகையில் பெண்களும் நின்றார்கள். அஸ்மா (ரலி) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்தபோது மக்கள் தொழுதுகொண்டிருந்ததையும், தாமும் அதில் சேர்ந்து நெடுநேரம் நின்றதில் மயக்கம் வரும் நிலையாகித் தலையில் நீர் ஊற்றிக்கொண்டதையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. கருவுற்றவள் வெளியே வரலாகாது, கத்தியைத் தொடலாகாது என்று ஒரு சொல்கூட நமக்கு அறிவிக்கப்படவில்லை.

மருத்துவம் சொல்வதையும் கேளுங்கள். கருவில் உள்ள சிசுவின் மேலுதடு நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில் உருவாகிறது. இரு பக்கங்களிலிருந்தும் வளர்ந்துவரும் திசுக்கள் நடுவில் வந்து ஒன்றோடொன்று இணைகின்றன. அண்ணம், அதாவது வாயின் மேற்கூரை, ஆறாம் வாரத்துக்கும் ஒன்பதாம் வாரத்துக்கும் இடையில் இணைகிறது. அந்த இணைப்பு முழுமை பெறாமல் நின்றுவிடுவதுதான் பிளவு. பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பது உறுதியாகத் தெரியவருவதே அந்த வாரங்களில்தான். ஏழாம் மாத வயிற்றோடு இருப்பவளைக் கிரகணத்துக்காக அறைக்குள் பூட்டுகிறார்களே, அவள் வயிற்றுப் பிள்ளையின் உதடு இணைந்து மாதக்கணக்கு ஆகிவிட்டது. ஒரு கிரகணம் நாடு முழுவதும் உள்ள கர்ப்பிணிகள்மீது ஒரே நேரத்தில்தான் வருகிறது. பிளவோ, கிரகணம் வந்த ஆண்டிலும் வராத ஆண்டிலும், உலகெங்கும் ஏறத்தாழ எழுநூறு குழந்தைகளுக்கு ஒன்று என்ற அளவில் பிறந்துகொண்டே இருக்கிறது.

காரணம் என்ன என்று கேட்டால், பல குழந்தைகளில் இன்னதுதான் என்று சுட்ட முடிவதில்லை. தாய் தந்தை இருவர் வழியிலும் வரும் மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. கர்ப்ப காலத்தில் புகைப்பது, கர்ப்பத்துக்கு முன்பே இருக்கும் நீரிழிவு, வலிப்பு நோய்க்கு எடுக்கும் வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் ஆகியவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. வலிப்பு மருந்து எடுக்கும் சகோதரிகள் இதைப் படித்துவிட்டுத் தாமாகவே மருந்தை நிறுத்திவிடக் கூடாது. கருவுறுவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசவேண்டும். உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக மணம் முடிப்பது பற்றியும் ஆய்வாளர்கள் பேசுகின்றனர். அது தனியே விரிவாக எழுதவேண்டிய பேச்சு. ஷரீஅத் அனுமதித்த ஒன்றைக் கட்டாயம் என்று எண்ணிக்கொள்ளும் குடும்பங்கள் நம்மில் பல. இந்தப் பட்டியலில் அரிவாள்மனைக்கு இடம் இல்லை. ஆயினும் பிரசவித்த உடம்போடு கிடக்கும் தாயைச் சுற்றி நின்று விசாரணை நடத்துகிறோம். பெண் குழந்தை பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்துப்போன ஜாஹிலிய்யாக் காலத்துத் தந்தையைக் குர்ஆன் அந்நஹ்ல் அத்தியாயத்தில் கண்டிக்கிறது. பிளவோடு பிறந்த குழந்தையைப் பார்த்து முகம் கறுப்பவரும், அதன் தாயை அவள் தாய்வீட்டுக்கு அனுப்பிவைப்பவரும் அந்த வசனங்களை ஒருமுறை பொருளுணர்ந்து ஓதட்டும்.

இனி, மிகக் கனமான இரண்டாவது தீர்ப்புக்கு வருவோம். அல்லாஹ்வின் படைப்பை மாற்றலாமா என்ற கேள்வி சாதாரணமானதன்று. அந்நிஸா அத்தியாயத்தின் 119ஆம் வசனத்தில், அல்லாஹ்வின் படைப்பை மாற்றும்படி மனிதர்களை ஏவப்போவதாக ஷைத்தான் சூளுரைப்பது கூறப்படுகிறது. பச்சை குத்துபவர்களையும், அழகுக்காகப் பற்களுக்கிடையே இடைவெளி உண்டாக்கிக்கொள்பவர்களையும், அவ்வாறு படைப்பை மாற்றுபவர்களையும் சபிக்கும் ஹதீஸை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இவற்றைக் காட்டித்தான் நம் பெரியவர்கள் தடுக்கிறார்கள். ஆதாரம் சரியானது. பொருத்திய இடம் தவறானது.

அந்த ஹதீஸில் 'அழகுக்காக' என்ற சொல் அமர்ந்திருக்கிறது. அச்சொல்லைப் பிடித்துத்தான் விரிவுரையாளர்கள் எல்லை வகுத்தார்கள். குறையற்ற உறுப்பை அழகு கூட்டுவதற்காக மாற்றுவது தடுக்கப்பட்டது. நோயையோ குறையையோ நீக்குவதற்காகச் செய்வது அதில் சேராது என்றார்கள். இதற்கு நபிமொழியிலேயே சான்று இருக்கிறது. அர்ஃபஜா (ரலி) அவர்கள் ஜாஹிலிய்யாக் காலத்தில் நடந்த குலாப் போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியில் மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார். அதில் துர்நாற்றம் உண்டாயிற்று. நபி (ஸல்) அவர்கள் தங்கத்தால் மூக்குச் செய்துகொள்ளும்படி அவருக்குக் கட்டளையிட்டார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இது பதிவாகியுள்ளது. ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்ட மார்க்கத்தில், ஒரு மனிதரின் முகக்குறையை நீக்கத் தங்கம் அனுமதிக்கப்பட்டது. குழந்தையின் உதட்டைத் தைக்கப் பயன்படும் நூலுக்கு நாம் தடை போடுகிறோம்.

"அர்ஃபஜாவுக்குப் போரில் போயிற்று, இதுவோ பிறவியிலேயே அல்லாஹ் வைத்தது" என்று வாதிடுவோர் உண்டு. அவர்களிடம் கேட்கிறோம்: இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தைக்காக ஜுமுஆ முடிந்ததும் வாசலில் துண்டு விரித்து வசூல் செய்கிறோமே, அந்த ஓட்டையை வைத்தது யார்? அப்போது எவரும் படைப்பை மாற்றலாமா என்று கேட்பதில்லை. இயன்றதைப் போட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறோம். நெஞ்சுக்குள் இருக்கும் பிளவுக்கு ஒரு சட்டம், வாய்க்குள் இருக்கும் பிளவுக்கு ஒரு சட்டம் என்று எந்த மத்ஹபும் சொல்லவில்லை. இத்தீர்ப்பைச் சொல்லும் பெரியவரின் மூக்கின்மேல் கண்ணாடி இருப்பதையும், அவருக்குப் போன ஆண்டுதான் கண்புரை எடுத்தார்கள் என்பதையும் நினைவூட்டினால் கோபித்துக்கொள்கிறார்.

இன்றைய அறிஞர்களும் இதைத் தனித்தனியாக அன்றி ஒன்றுகூடி ஆராய்ந்திருக்கின்றனர். ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜாயாவில் நடத்திய 18ஆம் அமர்வில், அழகு அறுவைச் சிகிச்சை குறித்து 173ஆம் தீர்மானத்தை வெளியிட்டது. அழகுக்காக மட்டும் இயல்பான தோற்றத்தை மாற்றும் சிகிச்சைகளை அது தடுத்தது. பிறவிக் குறைகளைச் சீர்செய்வதை அனுமதித்தது. அவ்வாறு அனுமதிக்கப்பட்டவற்றுக்கு எடுத்துக்காட்டாகப் பிளந்த உதட்டைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. இதற்குப் பின்னும் நம் தெருவில் ஒரு ஃபத்வா தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

உண்மையில் அந்த அறுவையில் நடப்பது என்ன? வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து குழந்தையின் உதட்டில் ஒட்டுவதில்லை. பிளவின் இரு ஓரங்களிலும் இருக்கும் தோலையும் உள்சவ்வையும், வாயைச் சுற்றி வளையமாக ஓடவேண்டிய தசையையும் பிரித்தெடுத்து, அவை சேர்ந்திருக்கவேண்டிய இடத்தில் சேர்த்துத் தைக்கின்றனர். அல்பலத் அத்தியாயத்தில் அல்லாஹ் தான் மனிதனுக்கு அளித்தவற்றை நினைவூட்டும்போது கண்களையும் நாவையும் அடுத்து இரு உதடுகளையும் எண்ணிக் காட்டுகிறான். அந்த அருட்கொடை செயல்பட உதவும் கையை, படைப்பை மாற்றும் கை என்று எப்படிச் சொல்வது?

'பிளாஸ்டிக் சர்ஜரி' என்ற பெயரே பலரை மிரட்டுகிறது. நடிகைகள் செய்துகொள்வதன்றோ அது என்கின்றனர். வட சென்னைக்காரர்கள் இப்படிக் கேட்கலாமா? எண்ணூரிலும் மணலியிலும் ஆலை இயந்திரத்தில் கை மாட்டிக்கொண்டவரை நாம் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்? ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு. சிதைந்த கையைச் சீர்செய்வதில் நாடறிந்த அதன் கை மறுவாழ்வு நிலையமும் பிளாஸ்டிக் சர்ஜரித் துறையும் ஒன்றே. டாக்டர் ஆர். வெங்கடசாமி அவர்கள் வளர்த்தெடுத்த துறை அது. நம் உழைப்பாளிகளின் விரல்களை ஒட்டவைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரி ஹலால், நம் பிள்ளைகளின் உதட்டைச் சேர்க்கும்போது மட்டும் அது ஷைத்தானின் சூளுரையா?

தக்தீரை நம்புகிறோம். பிளவு இறைநாட்டம்தான். அதைச் சீர்செய்யும் அறிவை மனிதனுக்குக் கற்றுக்கொடுத்ததும் அவன் நாட்டமே. முதுமை தவிர, மருந்து இல்லாத நோய் எதையும் அல்லாஹ் இறக்கவில்லை. ஆகவே சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கிராமவாசிகளுக்குப் பதிலளித்த செய்தி நாம் அறியாததன்று. ஓதி ஊதட்டும், துஆச் செய்யட்டும். தாயத்துக் கட்டி ஆறு மாதம் காத்திருப்பதில் அந்த ஆறு மாதத்தையும் செலவழிப்பது குழந்தைதான்.

இங்கேதான் மூன்றாவது தீர்ப்பு வருகிறது: பெரிசாகட்டும். பெரிதாகும்வரை காத்திருக்க இதில் இடமில்லை. உதட்டுப் பிளவைப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் தைக்கின்றனர். பத்து வாரம், பத்து பவுண்டு எடை, ரத்தத்தில் பத்து கிராம் ஹீமோகுளோபின் என்பது அறுவை மருத்துவர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் எளிய கணக்கு. பத்து பவுண்டு என்பது ஏறத்தாழ நாலரைக் கிலோ. மயக்கமருந்தைப் பச்சிளம் உடல் தாங்கவேண்டும் என்பதற்காகவே இக்கணக்கு. அண்ணப் பிளவைப் பொதுவாக ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள், குழந்தை பேச்சைப் பிடிக்கும் பருவத்தில் மூடுகின்றனர். ஈறு எலும்பிலும் பிளவு இருந்தால், அதில் எலும்புத் துண்டு வைக்கும் சிகிச்சைக்குப் பல் முளைக்கும் நிலை பார்த்து ஏழு வயதுக்கு மேல் காத்திருக்கின்றனர். பெரிசாகட்டும் என்ற சொல் பொருந்துவது அந்த ஒன்றுக்குத்தான்.

நம் வீடுகளில் நடப்பது வேறு. பெண் குழந்தையாயின், "நாளைக்கு ஒருத்தன் பாக்க வரணுமே" என்ற கவலையில் உதட்டை மட்டும் தைத்துவிடுகின்றனர். அண்ணம் வாய்க்குள் இருக்கிறது, வெளியே தெரிவதில்லை, அதை விட்டுவிடுகின்றனர். ஆண் குழந்தையாயின் மீசை வளர்ந்தால் மறைந்துவிடும் என்று உதட்டையும் விட்டுவிடுவோர் உண்டு. கவனியுங்கள், சிகிச்சையை அழகுபடுத்தல் என்று முதலில் எதிர்த்தவர்கள், கடைசியில் அழகுக்குத் தேவையான பாதியை மட்டும் செய்து, பேச்சுக்கும் உணவுக்கும் தேவையான பாதியைக் கைவிடுகின்றனர். ஹதீஸில் உள்ள 'அழகுக்காக' என்ற சொல் எவருக்கேனும் பொருந்துமானால் இந்தக் கணக்குப் போடுபவருக்குத்தான் அருகில் வருகிறது.

அண்ணம் திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதை எங்களைப் போன்று ஓதிக்கொடுப்பவர்கள் காதாலேயே அறியலாம். 'பா' என்ற எழுத்தை உச்சரிக்க இரு உதடுகளும் மூடவேண்டும். அதே நேரத்தில் அண்ணத்தின் பின்பகுதி எழுந்து மூக்குக்குச் செல்லும் வழியை அடைக்கவேண்டும். அடைக்க இயலாதபோது காற்று மூக்கின் வழியே ஓடிவிடும். 'பா' என்பது 'மீம்' ஆகக் கேட்கும். எங்கள் மக்தபில் ஒன்பது வயதில் வந்து சேர்ந்த ஒரு சிறுவன் பிஸ்மில்லாஹ்வை 'மிஸ்மில்லாஹ்' என்றே தொடங்கினான். காஃபும் தாவும் வரவேண்டிய இடங்களில் தொண்டையில் ஹம்ஸா போல ஒரு வெட்டு மட்டும் கேட்டது. மூக்கிலிருந்து பிறக்கவேண்டிய குன்னா மட்டும் குறையின்றி வந்தது. உதடு குழந்தையிலேயே அழகாகத் தைக்கப்பட்டிருந்ததால், பெற்றோர் எல்லாம் முடிந்துவிட்டதாக நம்பியிருந்தனர். முன்பு ஓதிய இடத்தில் அவனை மந்தபுத்தி என்று முடிவுகட்டிக் கடைசி வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். ஒன்பது ஆண்டுகள் அவன் வாயைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. இப்போது அண்ணம் மூடப்பட்டுவிட்டது. பேச்சுப் பயிற்சிக்குச் சென்றுவருகிறான். ஒன்றரை வயதில் செய்திருந்தால் இத்தனை பாடு இருந்திராது என்று மருத்துவர் சொன்னதைத் தந்தை தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

தொண்டையில் வெட்டிப் பேசும் பழக்கம், அண்ணத்தை மூடிய பின்னும் தானாகப் போய்விடுவதில்லை. அதற்குப் பயிற்சி வேண்டும், மாதக்கணக்கில் வேண்டும். போரூர் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்விக் கழகத்தினர் திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமங்களில் பணிசெய்தபோது இதே தடையைக் கண்டனர். அறுவைக்கு வந்த குடும்பங்கள் பேச்சுப் பயிற்சிக்குத் திரும்பத் திரும்பத் தொலைவிலிருந்து வர இயலவில்லை. ஆகவே உள்ளூரிலேயே பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, குழந்தைகளின் ஊர் தேடிச் சென்று பேச்சைத் திருத்தும் ஏற்பாட்டைச் செய்தனர். மக்ரஜைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்ட உஸ்தாதுமார் தெருவுக்குத் தெரு இருக்கும் நம் ஊரில், பேச்சுப் பயிற்சியாளர் சொல்லித்தரும் பாடத்தை மக்தபில் நாள்தோறும் கால் மணி நேரம் சொல்லிப் பழக்குவது எவ்வளவு எளிது!

பாலூட்டுதலையும் சொல்லிவிட வேண்டும். அண்ணப் பிளவுள்ள குழந்தையால் மார்பை உறிஞ்ச முடிவதில்லை. "பால் குடிக்க மாட்டேங்குது, தங்காது" என்று கைவிடுவதும், எடை ஏறாததால் அறுவை தள்ளிப்போவதும் இதனால்தான். நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடையே இதற்குப் போதும். தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்து, குழந்தையைத் தலை உயர்த்திப் பிடித்து, பாலாடையால் சிறிது சிறிதாக ஊட்டவேண்டும். இடையிடையே தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யவேண்டும். மருத்துவமனையில் செவிலியரிடம் கேட்டால் ஒருமுறை செய்து காட்டுவர். காதையும் மறவாதீர்கள். இக்குழந்தைகளின் நடுச்செவியில் நீர் சேர்ந்து கேட்கும் திறன் குறைவது மிகுதி. காது கேளாத பிள்ளையைத்தான் சில நேரம் சொல்பேச்சுக் கேளாத பிள்ளை என்று அடிக்கிறோம்.

இத்தகைய பிள்ளைகளைக் கண்டு முகம் சுளிப்போர், சுஹைல் பின் அம்ர் யார் என்று அறிந்துகொள்ளட்டும். குறைஷிகளின் பெரும் பேச்சாளர். ஹுதைபிய்யாவில் நபி (ஸல்) அவர்களோடு உடன்படிக்கை செய்தவர். அவருடைய கீழுதடு பிளந்திருந்தது என்று இப்னு இஸ்ஹாக் குறித்துள்ளார். பத்ரில் அவர் கைதியாகப் பிடிபட்டபோது, இனி நபிக்கு எதிராக எங்கும் நின்று பேச இயலாதபடி அவருடைய முன்பற்களைப் பிடுங்கிவிட உமர் (ரலி) அவர்கள் அனுமதி கேட்டார்கள். பிளந்த உதட்டோடு முன்பற்களும் போய்விட்டால் நாக்கு நிற்காது, பேச்சு குலைந்துவிடும் என்பதே கணக்கு. நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். எவரையும் சிதைக்க மாட்டேன் என்றும், ஒருநாள் நீர் குறைகாண முடியாத இடத்தில் அவர் நிற்கக்கூடும் என்றும் பதிலளித்தார்கள். பின்னர் சுஹைல் இஸ்லாத்தைத் தழுவினார். நபி (ஸல்) அவர்களின் மறைவுச் செய்தி எட்டி மக்கா தடுமாறியபோது, எழுந்து நின்று பேசி அம்மக்களை மார்க்கத்தில் நிலைநிறுத்தியது அந்த உதடுகள்தாம். எதிரியின் பேச்சையே குலைக்க உடன்படாத நபியைப் பின்பற்றும் நாம், சொந்தப் பிள்ளையின் பேச்சு குலைந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பட்டப்பெயர்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் போதும். திக்கித் திணறிக் குர்ஆன் ஓதுபவருக்கு இரு மடங்கு நற்கூலி என்ற நபிமொழியை ஒவ்வொரு மக்தபின் சுவரிலும் எழுதிவைக்கலாம். ஆயினும் அந்த நபிமொழியைச் சிகிச்சையைத் தவிர்க்கக் காரணமாகக் காட்டுபவரையும் பார்த்திருக்கிறோம். அது வேறு வகை அறியாமை.

"செலவுக்கு எங்கே போவது?" என்பது நியாயமான கேள்வி. 2013 முதல் நடைமுறையில் உள்ள தேசியச் சிறார் நலத் திட்டத்தில், பிறப்பு முதல் பதினெட்டு வயது வரை இலவசமாகக் கண்டறிந்து சிகிச்சை அளிக்கப்படும் குறைபாடுகளில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் அடங்கும். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடமே சொல்லலாம். ஸ்டான்லியிலும், எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலும், பாரிமுனைக்கு அருகில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் விசாரிக்கலாம். 1999இல் தொடங்கப்பட்ட ஸ்மைல் டிரெயின் என்ற தொண்டு நிறுவனம், உள்ளூர் மருத்துவர்கள் வழியாகவே இந்தியாவெங்கும் இச்சிகிச்சையைக் கட்டணமின்றிச் செய்விக்கிறது. "சும்மா செய்றாங்கன்னா ஏதோ உள்நோக்கம் இருக்கும்" என்று இதையும் சந்தேகிப்பவர்கள், நேரில் சென்று சிகிச்சை பெற்ற பெற்றோரிடம் பேசிப் பார்க்கட்டும்.

அறுவை இலவசமாயினும் அன்றைய கூலி போய்விடும். துறைமுகத்திலும் கம்பெனிகளிலும் ஒப்பந்தக் கூலிக்குச் செல்லும் தந்தை, இரண்டு அறுவைக்கும் அதற்குப் பின் பல மாதம் நீளும் பேச்சுப் பயிற்சிக்கும் எத்தனை நாள் விடுப்பு எடுப்பார்? பல குடும்பங்கள் பாதியில் நின்றுவிடுவது இந்தக் கூலிக் கணக்கில்தான். ஜமாஅத்துகள் நுழையவேண்டிய இடம் இது. ஏழைக்கும் தேவையுடையோருக்கும் ஸகாத்தில் உரிமை உண்டு என்பது அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம். பஸ் கட்டணம், இழந்த கூலி, தாய்க்குத் துணையாகச் செல்லும் பெண்ணின் சாப்பாட்டுச் செலவு இவ்வளவுதான் தேவை. பள்ளிவாசலுக்கு மூன்றாவது ஏசி வாங்க வசூல் கேட்கும் முத்தவல்லிமார்கள், தம் மஹல்லாவில் பிளவோடு பிறந்த குழந்தைகள் எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறார்களா என்று கேட்க விரும்புகிறோம்.

தஹ்னீக் செய்ய அழைக்கப்படும் ஹஜ்ரத்துமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். உதடு முழுமையாக இருந்து அண்ணம் மட்டும் பிளந்திருந்தால், முகத்தைப் பார்த்து எவரும் கண்டுபிடிக்க முடியாது. பேரீச்சம்பழத்தோடு உங்கள் விரல் செல்வதோ அந்த அண்ணத்துக்குத்தான். கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். பழத்தை எடுப்பதற்கு முன், குழந்தை அழும்போது மொபைல் டார்ச்சை அடித்து வாயின் மேற்பக்கத்தைப் பாருங்கள். பிளவு தென்பட்டால் பழத்தை வைக்காதீர்கள்; புரையேறும். துஆச் செய்துவிட்டு, தந்தையைத் தனியே அழைத்து, நாளைக் காலையிலேயே குழந்தையை ஸ்டான்லிக்கு எடுத்துச் செல்லும்படி சொல்லுங்கள்.